யார் ஆட்டக்காரர்? சரித்திர விளையாட்டின் விதிகளை வாசித்தல்

'விளையாட்டுத்தானே தோழர், இதுல போயி சாதிய எதுக்கு இழுக்கறீங்க?' என்று கேட்கிறார்கள். இலக்கியத்தைப் பேசியபோதும் இதையேதான் கேட்டார்கள். சினிமாவைப் பேசியபோதும் கேட்டார்கள். கேட்கிறவர்கள் பெரும்பாலும் ஆட்டத்தில் ஏற்கெனவே இடம் கிடைத்தவர்கள். திண்ணைக்கு வெளியே நின்று வேடிக்கை பார்க்கிறவனுக்கு இந்தக் கேள்வி வருவதில்லை.

கல்லூரி மாணவர்களிடையே பரவிவரும் ஒரு சரித்திர ஆட்டத்தை இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஆடும் முறை எளிமையானது. பழைய காலம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து வரைபடத்தை விரிப்பார்கள். ஆளுக்கொரு அரசை ஏற்பார்கள். படை, வரி, உறவு, கொள்வினை கொடுப்பினை பற்றி ஒவ்வொரு சுற்றுக்கும் உத்தரவு எழுதி நடுவரிடம் கொடுக்க வேண்டும். நடுவர் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, 'இந்த ஆண்டு இன்னது நடந்தது' என்று அறிவிப்பார். போன கோடை விடுமுறையில் ஏற்காட்டில் ஒரு பழைய எஸ்டேட் பங்களாவில் மூன்று நாள் முகாமாக இதை நடத்தினார்கள். எங்கள் பகுதி மாணவர்கள் ஆறு பேர் போனார்கள், துணைக்கு நானும் போனேன். ஆட்டம் தொடங்கும் ஆண்டு 1014, இராசேந்திரன் பட்டத்துக்கு வந்த ஆண்டு.

ஆட்டம் மோசம் என்று சொல்ல வரவில்லை. வகுப்பில் வாய் திறக்காத பிள்ளைகள் அங்கே மணிக்கணக்கில் பேசினார்கள், பேரம் நடத்தினார்கள், கூட்டணி கட்டினார்கள். அதனால்தான் இதை அலட்சியமாக விட்டுவிட முடியவில்லை. அந்த முகாமின் விதித்தாள் என்னிடம் இருக்கிறது. அதையே ஒரு பிரதியாக வாசிக்கலாம்.

விதிகள் ஐந்து. ஒருவர் ஒரு அரசையோ ஒரு குறுநிலத் தலைமையையோ ஏற்கலாம். உத்தரவு எழுத்தில் இருக்க வேண்டும். இரண்டு சுற்று உத்தரவு தராதவர் தம் நாட்டை இழப்பார். நடுவர் தீர்ப்பே இறுதியானது. ஆட்டத்தில் நாகரிகம் காக்க வேண்டும். சாதி, மதம் பேசக் கூடாது.

படிப்பதற்கு எல்லாம் நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் முதல் விதியைப் பாருங்கள். சரித்திரத்தில் செயல்படுகிறவன் அரசன் அல்லது அரசனாகப் போகிறவன். மற்றவர்கள் வரைபடத்தின் நிறத்துக்குள் கிடப்பவர்கள். இது அந்த முகாமின் கண்டுபிடிப்பு இல்லை. இந்த வகை ஆட்டத்தின் பிறப்பே அப்படி. 1824-இல் பிரஷ்யப் படை அதிகாரி ரைஸ்விட்ஸ், தன் தகப்பன் தொடங்கிவைத்த போர் ஆட்டத்தைத் திருத்தி, அதிகாரிகளின் பயிற்சிக்கென்று வெளியிட்டார். எழுத்தில் உத்தரவு, நடுவில் ஒரு நடுவர் என்ற ஏற்பாடு அங்கிருந்து வந்தது. 1959-இல் அமெரிக்கர் ஆலன் கால்ஹாமர் வெளியிட்ட 'டிப்ளமசி' 1901-ஆம் ஆண்டின் ஐரோப்பாவில் தொடங்குகிறது. ஏழு வல்லரசுகளுக்கு ஏழு ஆட்டக்காரர்கள். அந்தப் பலகையில் துனிஸும் இருக்கிறது, பிடித்தால் லாபம் தரும் கட்டமாக. துனிஸாக உட்கார்ந்து ஆட யாருக்கும் நாற்காலி கிடையாது.

நம் பிள்ளைகள் கணினியில் ஆடும் 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' இரண்டாம் பாகம் 1999-இல் வந்தது. 2022-இல் அதில் 'திராவிடர்' என்றொரு நாகரிகத்தையும் இராசேந்திரன் கதையையும் சேர்த்தார்கள். நம்மவர்களுக்கு ஒரே பெருமை. எனக்குக் கண்ணில் பட்டவன் அதிலே வருகிற கிராமத்தான். ஐம்பது உணவு கொடுத்தால் ஒரு கிராமத்தான் பிறப்பான். மரம் வெட்டுவான், கழனியில் உழைப்பான், தங்கம் தோண்டுவான், கோட்டை எழுப்புவான். எந்தச் சேரியிலிருந்து வந்தான், வேலை முடிந்தபின் எந்தத் தெரு வழியாகத் திரும்புவான் என்பது ஆட்டத்தில் இல்லை. பேரரசின் மொத்தச் செலவும் அவன் முதுகில். அவனுக்கு ஒரு வாய் கிடையாது.

ஏற்காட்டு முகாமில் எங்கள் மாணவி ஒருத்திக்கு ஒரு குறுநிலத் தலைமை கிடைத்தது. எம்.ஏ. வரலாறு படிக்கிற பெண். நான்காம் சுற்றில் அவள் எழுதிக் கொடுத்த உத்தரவு இது: என் நாட்டில் பறைச்சேரியில் இருப்பவர்களுக்கு உழுநிலம் தருகிறேன், அவர்களிலிருந்து காவற்படை திரட்டுகிறேன். நடுவர் அதைத் தள்ளிவிட்டார். 'அந்தக் காலத்துல இது சாத்தியமில்லம்மா. அதுவுமில்லாம அஞ்சாவது விதி இருக்கில்ல?' என்றார்.

அந்தப் பெண் விடவில்லை. 'தஞ்சாவூர் பெரிய கோவில் கல்வெட்டுல பறைச்சேரின்னும் இருக்கு, தீண்டாச்சேரின்னும் இருக்கு. அவங்க கல்லுல வெட்டி வெச்சாங்க, நான் தாள்ல எழுதினா அநாகரிகமா சார்?' என்று கேட்டாள். நடுவர் சிரித்துவிட்டு அடுத்த உத்தரவைப் படித்தார்.

அவள் சொன்னது பொய்யில்லை. வரி நீக்கிய நிலங்களை ஊர் ஊராகக் கணக்கெடுக்கும் அந்தக் கல்வெட்டுகள் குளம், வாய்க்கால் என்று அடுக்கிக்கொண்டே போய்ச் சேரிகளையும் அடுக்குகின்றன. அதாவது 1014-இன் ஆட்சியாளர்களே தங்கள் நாட்டைச் சாதியாகப் பிரித்துத்தான் எழுதிவைத்தார்கள். அந்த நாட்டை ஆட்டமாக்குகிறவர்கள் பெருமையை வைத்துக்கொண்டு கணக்கை மட்டும் அழித்துவிடுகிறார்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடாரப் படையெடுப்பு நடந்தது 1025-இல். முகாமில் சோழனாக ஆடிய தம்பி அதை 1017-லேயே முடித்தான். கைதட்டல் வானத்தைப் பிளந்தது. எட்டு வருடம் முன்னால் கடல் தாண்டுவது சாத்தியம், சேரிக்கு நிலம் சாத்தியமில்லை! சாத்தியத்தின் எல்லையை யார் வரைகிறார்கள் என்பது இங்கே வெட்டவெளிச்சமாகிறது. இந்த மண்ணில் அப்படியொரு உத்தரவு எழுதப்பட 1892 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. செங்கல்பட்டு கலெக்டர் திரமென்கீரின் அறிக்கைக்குப் பிறகு வந்த அந்தப் பஞ்சமி நில ஆணையின் கதி என்ன ஆயிற்று என்பது வாசகர்களுக்குத் தெரியும்.

மூன்றாவது விதிக்கு வருகிறேன். எங்கள் மாணவர்களில் ஒருவன் சேலத்தில் இரவு வேலை பார்த்துக்கொண்டு படிக்கிறவன். இரண்டாம் நாள் மாலை இருபது கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி வேலைக்குப் போனான். மறுநாள் பஸ் பிடித்து ஏறி வருவதற்குள் இரண்டு சுற்று முடிந்துவிட்டது. அவன் நாட்டைப் பக்கத்து ராஜா வாங்கிக்கொண்டார். விதி எல்லாருக்கும் ஒன்றுதான். ஓய்வு எல்லாருக்கும் ஒன்றாக இருக்கிறதா?

வெளிநாட்டுச் சரக்கு, அதனால்தான் இப்படி என்று யாரும் சமாதானம் சொல்ல வேண்டாம். நம் ஊரிலும் பெரிய சரித்திர ஆட்டம் உண்டு. திரௌபதி அம்மன் கோவில் பாரதத் திருவிழா அதுதானே. நாள் கணக்கில் பிரசங்கம், விடிய விடியக் கூத்து. படுகளத்தன்று மண்ணால் துரியோதனனை மல்லாத்திப் போட்டு, பீம வேடம் கட்டினவர் தொடையில் அடிக்க, அம்மன் கூந்தல் முடிவாள். ஊரே ஆட்டக்காரர்தான். ஆனால் ஊர் என்றால் எது? விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் 2023 ஏப்ரலில் திருவிழாவின்போது தர்மராஜா திரௌபதி அம்மன் கோவிலுக்குள் போன தலித்துகள் தாக்கப்பட்டார்கள். அந்த ஜூனில் கோவிலுக்கு அதிகாரிகள் சீல் வைத்தார்கள். துகிலுரியப்பட்டவளுக்கு நியாயம் கேட்கும் ஆட்டத்தில் பங்கேற்பு விதி அவ்வளவு கறாராக இருக்கிறது.

அப்படியானால் ஆட்டத்தையே தூக்கி எறிந்துவிடலாமா? நான் அப்படி நினைக்கவில்லை. நம் தலைவர்கள் நடத்திய போராட்டத்தில் பாதி, யார் உட்காரலாம் என்ற விதியைப் பற்றியதுதான். 1930-இல் லண்டன் வட்டமேசையில் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் உட்கார்ந்தார்கள். 1945-இல் சிம்லா மாநாட்டுக்குத் தாழ்த்தப்பட்டோர் தரப்பில் போனவர் நம் சென்னை என். சிவராஜ். நாற்காலி கிடைத்தவுடன் நீதி கிடைத்துவிடவில்லை. ஆனால் நாற்காலி இல்லாதவனின் பேச்சு நடவடிக்கையாகக் கணக்கில் ஏறாது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

ஆகவே நாங்கள் எங்கள் விதித்தாளை எழுதினோம். களம் தூரத்தில் இல்லை, ஏற்காடேதான். 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் இந்தச் சேர்வராயன் மலையில் காப்பியைக் கொண்டுவந்து வைத்தார். பின்னாலேயே துரைமார், பங்களா, மேஸ்திரி, முன்பணம். 1859-இல் ஒரு சட்டம் வந்தது. முன்பணம் வாங்கிய கூலி வேலையை விட்டுப் போனால் அது குற்றம், சிறைக்கு அனுப்பலாம். மதராஸ் மாகாணத் தோட்டங்களில் துரைமார் அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஆளைப் பிடித்தார்கள். விலகும் உரிமை இல்லாதவனை ஆட்டக்காரன் என்பதா, காய் என்பதா?

எங்கள் விதிகள் நான்கே. துரைக்கு ஒரு நாற்காலி என்றால் லைன் வீட்டுக்கு நான்கு. எழுதத் தெரியாதவர் வாயால் சொல்வதும் உத்தரவுதான். வேலைக்குப் போனவருக்காகச் சுற்று காத்திருக்கும். ஓடிப்போவது, வேலையை நிறுத்துவது, மதம் மாறுவது, பொய்க் கணக்குச் சொல்வது எல்லாமே படையெடுப்புக்குச் சமமான நடவடிக்கைகள்.

நடுவர் விஷயத்தில்தான் நிறைய யோசித்தோம். 1876-இல் இன்னொரு பிரஷ்ய அதிகாரி வெர்டி து வெர்னுவா, பகடையும் கணக்கும் வேண்டாம், அனுபவமுள்ள நடுவரே தீர்க்கட்டும் என்று எழுதினார். சரி, யாருடைய அனுபவம்? நாங்கள் நடுவராக உட்கார வைத்தது நாற்பது வருடம் காப்பிப் பழம் பறித்து ஓய்ந்த ஓர் அம்மாவை. தொழிலாளியாக ஆடிய பையன் தை மாதக் கடைசியில் வேலைநிறுத்தம் என்று அறிவித்தான். அம்மா மறுத்தார். 'கொட்டையெல்லாம் களத்துல காய வெச்சப்புறம் உக்காந்தா உனக்குத்தான் பட்டினி சாமி. பழம் செடியில செவந்து நிக்கறப்ப உக்காரு. ரெண்டு நாள் போனா பழம் கீழ கொட்டும். துரை தானா எறங்கி வருவாரு.' போர்த்தந்திரம் என்று நாங்கள் படித்த எதிலும் இது இல்லை. கேரளத்தில் அய்யங்காளி, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைச் சேர்க்காவிட்டால் வயலில் இறங்க மாட்டோம் என்று புலையர்களைத் திரட்டியதும் இதே அறிவில்தான்.

தீராத சிக்கல் ஒன்று இருக்கிறது. இந்த மலையின் மலையாளிப் பழங்குடிகள், காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று அண்ணன் தம்பிகளின் வழி என்று தங்களைச் சொல்லிக்கொள்கிறவர்கள். தோட்டம் அவர்கள் காட்டைத் தின்றுதான் விரிந்தது. அந்தத் தோட்டத்தோடு வந்தவர்கள் சமவெளியின் தலித் கூலிகள். எங்கள் ஆட்டத்தில் லைன் வீடும் மலையாளி ஊரும் மூன்றாம் சுற்றிலேயே மோதிக்கொண்டன. துரையாக ஆடிய பெண் சும்மா உட்கார்ந்து ஜெயித்தாள். மலையாளி ஊருக்கு நாங்கள் வைத்த விதியை அந்த ஊர்ப் பிள்ளைகளே வந்து திருத்தட்டும் என்று முடிவு செய்திருக்கிறோம். அடுத்த ஆட்டம் பழப் பறிப்பு முடிந்த பிறகு.

உங்கள் ஊரிலும் இப்படியான முகாம்கள் நடக்கும், நம் பிள்ளைகளையும் கூப்பிடுவார்கள். அனுப்புங்கள். ஆனால் வரைபடத்தைப் பார்ப்பதற்கு முன்னால் விதித்தாளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். தள்ளப்பட்ட உத்தரவுகளை எடுத்து வையுங்கள். அந்த மாணவியின் நான்காம் சுற்று உத்தரவு எங்களிடம் பத்திரமாக இருக்கிறது.