உருவம் வந்தது, உதைப்பு வரவில்லை

9 மி.மீ. கிளாக் 19 கைத்துப்பாக்கி வைத்திருப்பவருக்கு அதே அச்சில், சின்ன .22 தோட்டாவுக்கு ஒன்று வேண்டும். அமெரிக்கத் துப்பாக்கிக் கடைகளில் நெடுங்காலமாகக் கேட்டுவந்த கோரிக்கை இது. 2019 டிசம்பரில் கிளாக் 44 அறிவிக்கப்பட்டதும் அது நிறைவேறியது. ஆஸ்திரியாவின் அந்த நிறுவனம் செய்த முதல் ரிம்ஃபயர் கைத்துப்பாக்கி அதுதான். நீளம், உயரம், பிடியின் சாய்வு, பொத்தான்கள் இருக்கும் இடம் எல்லாம் 19-இல் இருப்பவையே. 19-க்கு வாங்கிய உறையிலேயே இதையும் செருகிக்கொள்ளலாம். ஆனால் ஆசை அத்தோடு அடங்கவில்லை. ஏதாவது ஒரு 9 மி.மீ. துப்பாக்கி நன்றாக விற்கத் தொடங்கினால் போதும், ‘இதற்கு .22 எப்போது?’ என்ற கேள்வி பின்னாலேயே வந்துவிடுகிறது.

இந்த ஆசைக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதம் எளிமையானது. கையில் இருப்பது அதே துப்பாக்கி, தோட்டா மட்டும் மலிவு, ஆகவே .22-இல் பழகியதெல்லாம் 9 மி.மீ.-க்கு அப்படியே வந்து சேரும். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் துப்பாக்கி ‘அதே’ என்பதும் சரியல்ல, பழகியது ‘அப்படியே’ வரும் என்பதும் சரியல்ல.

.22-இன் நன்மைகளை யாரும் மறுக்கப்போவதில்லை. முதன்முதலாகச் சுடப் பழகுபவரின் கையில் அதைத்தான் கொடுக்க வேண்டும். சத்தம் குறைவு, மணிக்கட்டு வலிக்காது, மூட்டுவாதக்காரரும் மேலே முன்பின் நகரும் ஸ்லைடை இழுத்துவிடலாம். குறிகளை ஒரே கோட்டில் நிறுத்துவது, ட்ரிக்கரை இழுக்காமல் அழுத்துவது, உறையிலிருந்து ஒழுங்காக எடுப்பது ஆகிய பாடங்கள் அதில் நன்றாகவே நடக்கும். விளையாட்டாகச் சுடுபவருக்கு அதைவிட இன்பமான தோட்டா கிடையாது.

சிக்கல் உதைப்பில் இருக்கிறது.

.22 லாங் ரைஃபிள் தோட்டா 1887-இல் வந்தது. அதன் ஈயக்குண்டின் வழக்கமான எடை 40 கிரெயின், அதாவது 2.6 கிராம். 9 மி.மீ.-இல் 115 கிரெயின் குண்டு ஏறத்தாழ ஏழரை கிராம். கைத்துப்பாக்கியின் குழலிலிருந்து இரண்டும் வெளியேறும் வேகத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. நொடிக்கு 300 முதல் 350 மீட்டருக்குள் அடங்கிவிடும். குண்டு முன்னே போகும் அளவுக்குத் துப்பாக்கி பின்னே தள்ளும் என்ற பள்ளிக்கூடக் கணக்கைப் போட்டால், .22 கைக்குத் தரும் தள்ளு மற்றதில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது.

துப்பாக்கியும் இலேசானதுதானே, அந்தக் குறை ஈடாகிவிடாதா என்று கேட்கலாம். ஈடாவதில்லை. அந்த இலேசைக் கூட்டிக் கழித்துப் பார்த்தாலும், பின்னோக்கி வரும் ஆற்றல் 9 மி.மீ.-இன் ஐந்தில் ஒரு பங்கை எட்டுவதே அரிது. துப்பாக்கி இலேசாக இருப்பதற்குக் காரணமும் அந்தச் சின்னத் தோட்டாதான். கிளாக் 19-இல் குழலும் ஸ்லைடும் பூட்டிக்கொண்டு சிறிது தூரம் ஒன்றாகப் பின்னே வரும். பிறகு குழல் கீழே சாய்ந்து பூட்டு விலக, ஸ்லைடு மட்டும் தன் வழியே போகும். .22-க்கு அத்தனை ஏற்பாடு தேவையில்லை. குழல் அசையாமல் நிற்க, காலிக் குப்பியே ஸ்லைடைப் பின்னே தள்ளிவிடும். ஆனால் 19-இன் எஃகு ஸ்லைடை அப்படியே மேலே பொருத்தினால் அந்தச் சின்னத் தோட்டாவால் அதை நகர்த்த முடியாது. அதனால்தான் கிளாக் 44-இன் ஸ்லைடு பாதி எஃகு, பாதி பிளாஸ்டிக். மேகசின் இல்லாமல் நிறுத்தால் 19 சுமார் 600 கிராம். 44 சுமார் 360 கிராம். கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் இரு கைகளில் ஏந்தியவர் எது எதுவென்று உடனே சொல்லிவிடுவார். ‘கையில் அதே துப்பாக்கி’ என்ற பேச்சு அங்கேயே அடிபட்டுப் போகிறது.

கைத்துப்பாக்கியில் கற்பதற்குக் கடினமானது முதல் குண்டு அல்ல, இரண்டாவது. 9 மி.மீ. வெடித்ததும் முனை மேலே எழும். பின்குறியின் பள்ளத்திலிருந்து முன்குறி துள்ளி வெளியேறி, ஒரு வளைவு போட்டுத் திரும்பி வரும். அது எங்கே போனது, எப்போது திரும்பி அமர்ந்தது என்பதைக் கண் பின்தொடர வேண்டும். அதே நேரத்தில் துணைக்கையின் விரல்கள் பிடியை நெரித்துக்கொண்டிருக்க வேண்டும், மணிக்கட்டு பூட்டியிருக்க வேண்டும், உடல் சற்று முன்னே சாய்ந்திருக்க வேண்டும். இவற்றில் ஒன்று தளர்ந்தாலும் இரண்டாவது குண்டு மேலே போய்விடும். மணிக்கட்டு மிகத் தளர்ந்தால் ஸ்லைடு முழுச் சுற்றை முடிக்காமல் நடுவில் நின்றுவிடுவதும் உண்டு.

.22-இல் முன்குறி பள்ளத்தை விட்டு வெளியே வருவதே இல்லை என்று சொல்லலாம். சோம்பலாகப் பிடித்தாலும் குண்டுகள் வரிசையாகக் குறியில் விழும். நூறு தோட்டாவைத் தளர்ந்த பிடியோடு சுட்டவருக்குத் தன் பிடி சரியாக இருக்கிறது என்ற சான்றிதழ் நூறு தடவை கிடைக்கிறது. தவறைச் சுட்டிக்காட்டாத ஆசிரியரிடம் படிப்பதில் வரும் கேடு இது. வேகமாகச் சுடுவதிலும் இதே கதை. .22-இல் கிடைக்கும் வேகம் கையின் திறமையால் வருவதில்லை, தோட்டாவின் பலவீனத்தால் வருகிறது. மறுநாள் 9 மி.மீ.-ஐ எடுத்து அதே வேகத்தில் சுட்டால் இரண்டாவது துளை அட்டையின் மேல்பக்கம் எங்கேயாவது இருக்கும்.

ஆதரவாளர்கள் இங்கே ஒரு மருத்துவக் காரணத்தைக் கொண்டுவருவார்கள். வெடிக்கும் என்ற எதிர்பார்ப்பில் கை முந்திக்கொண்டு மிரள்வதும், ட்ரிக்கர் விழுவதற்கு முன்பே முனையைக் கீழே அழுத்துவதும் சுடுபவர்களிடம் பரவலாகக் காணப்படும் வியாதி. .22 அதைக் குணப்படுத்தும் என்கிறார்கள். குணப்படுத்தும் என்பதைவிட மறைத்துவைக்கும் என்பது பொருத்தம். எந்தத் துப்பாக்கியை எடுத்திருக்கிறோம் என்பது கைக்கு நன்றாகத் தெரியும். .22-இல் மிரளாத அதே கை, மேகசினில் 9 மி.மீ. ஏறியதும் பழையபடி மிரளும். இதற்குப் பயிற்சியாளர்கள் காலங்காலமாகச் செய்துவரும் வைத்தியம் வேறு. நிஜத் தோட்டாக்களுக்கு நடுவே சில டம்மித் தோட்டாக்களைக் கலந்து மேகசினை வேறொருவர் நிரப்பிக் கொடுப்பார். எது எப்போது வரும் என்று சுடுபவருக்குத் தெரியாது. டம்மி வந்த கணத்தில் வெடிச்சத்தமில்லாமல் முனை மட்டும் கீழே குத்தும். மிரட்சி அப்பட்டமாகத் தெரிந்துவிடும். இந்த வைத்தியம் நோய் இருக்கிற துப்பாக்கியிலேயே நடக்கிறது. செலவு சில டம்மித் தோட்டாக்கள்தான்.

இதையெல்லாம் முந்தைய தலைமுறை அறியாமல் இருந்ததா என்றால், நன்றாக அறிந்திருந்தது. .45 தோட்டா போட்ட 1911 கைத்துப்பாக்கிக்கு மலிவான பயிற்சித் துணையாகக் கோல்ட் நிறுவனம் 1931-இல் ‘ஏஸ்’ என்ற .22-ஐக் கொண்டுவந்தது. உருவம் அதே, எடையும் ஏறத்தாழ அதே. ஆனால் கனமான ஸ்லைடைத் தள்ள அந்தத் தோட்டா திணறியது, உதைப்பும் .45-க்குப் பக்கத்தில்கூட வரவில்லை. உருவம் மட்டும் போதாது என்பது அப்போதே புரிந்துவிட்டது. தீர்வைத் தந்தவர் டேவிட் மார்ஷல் வில்லியம்ஸ். ஒரு காவல் அதிகாரியைக் கொன்ற வழக்கில் வட கரோலினாச் சிறையில் இருந்தபோதே துப்பாக்கி இயக்கங்களை வடிவமைக்கத் தொடங்கிய மனிதர். 1952-இல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் நடித்து அவர் கதை திரைப்படமாகவும் வந்தது. அவருடைய யோசனையில் தோட்டா அமரும் அறை குழலிலிருந்து தனித் துண்டாகப் பிரிந்து முன்பின் நகரும். வெடித்த வாயு அந்தத் துண்டின் முன்முகத்தையும் சேர்த்து அழுத்த, அது ஒரு பிஸ்டனைப்போல ஸ்லைடை ஓங்கிப் பின்னே தள்ளும். சின்னத் தோட்டாவின் பலம் இப்படிப் பெருக்கப்பட்டு, .45-ஐ நினைவூட்டும் ஓர் உதைப்பு கைக்கு வந்து சேர்ந்தது. 1937-இல் வந்த ‘சர்வீஸ் மாடல் ஏஸ்’ அதுதான்.

அந்த நகரும் அறையில் ஈயமும் கரியும் படிந்து சிக்கிக்கொள்ளும், அடிக்கடி துடைக்க வேண்டும் என்ற குறை இருக்கத்தான் செய்தது. ஆனால் எதை நகலெடுக்க வேண்டும் என்பதில் அந்த வடிவமைப்பாளருக்குக் குழப்பம் இல்லை. உருவத்தைப் பிரதி செய்வது எந்தப் பட்டறையிலும் நடக்கும் வேலை. உதைப்பைப் பிரதி செய்யத்தான் மூளை வேண்டும். 2019-இன் கொண்டாட்டத்தில் அந்தப் பாதியை யாரும் கேட்கவும் இல்லை, நிறுவனம் தரவும் இல்லை. செக் நாட்டின் சிஇசட் 75-க்குக் கிடைக்கும் ‘கடெட்’ மாற்றுப் பகுதியாவது எஃகால் ஆனது. முன்பாதி அசையாமல் நிற்க, பின்துண்டு மட்டும் இயங்கும். உதைப்பு இல்லாவிட்டாலும் அசலின் எடையைக் கையில் உணரலாம். கிளாக் 44-இல் அந்த எடையும் இல்லை.

நகலெடுத்ததால் .22-உம் முழுமையாக வாய்க்கவில்லை. தீப்பற்றும் கலவையைக் குப்பியின் விளிம்புக்குள் சுழற்றிப் பரப்பும் ‘ரிம்ஃபயர்’ முறை இந்தத் தோட்டாவுடையது; பரவல் ஓரிடத்தில் மெலிந்தால் அடி விழுந்தும் வெடிக்காது. வெடிக்காத தோட்டாவை அகற்றும் பயிற்சி மட்டும் இதில் தாராளமாக, இலவசமாகக் கிடைக்கும் என்பது வேறு விஷயம். துருத்திய விளிம்புகள் மேகசினுக்குள் ஒன்றன்மேல் ஒன்று மாட்டிக்கொள்ளும் தொல்லையும் இதற்கு உண்டு. இவற்றையெல்லாம் 9 மி.மீ.-க்காக வரைந்த கூட்டுக்குள் வைத்துச் சமாளிக்க வேண்டியிருக்கிறது. 44-இன் மேகசின் பத்துத் தோட்டாவோடு நின்றுவிட்டது; 19-இல் பதினைந்து. 2019-இலேயே வந்த டாரஸ் டிஎக்ஸ் 22-இல் பதினாறு, 2022-இல் வந்த சிக் சாவர் பி322-இல் இருபது. இரண்டும் தோட்டாவுக்கு ஏற்றபடி தொடக்கத்திலிருந்தே வரையப்பட்டவை.

இந்த வழிக்கு நல்ல முன்மாதிரி 1949-இலேயே வந்துவிட்டது. ஸ்டர்ம் ரூகர் நிறுவனம் கனெக்டிகட்டின் சவுத்போர்ட்டில் தொடங்கியதே 37.50 டாலர் விலையில் ஒரு .22 கைத்துப்பாக்கியை விற்றுத்தான். அதன் வெளித்தோற்றம் ஜெர்மனியின் லூகரை ஞாபகப்படுத்தும். உள்ளே இருப்பது முழுக்க .22-இன் தேவைக்கு அமைந்த இயக்கம்: அசையாத குழல், அசையாத குறிகள், உடற்கூட்டுக்குள் ஓடும் சிறிய போல்ட். துல்லியத்தில் அதோடு போட்டியிட நகல் துப்பாக்கிகள் மெனக்கெட வேண்டியிருக்கும். ஒலிம்பிக்கின் 25 மீட்டர் ரேபிட் ஃபயர் பிஸ்டல் போட்டியும் .22-இல்தான் நடக்கிறது. 2012 லண்டனில் அதில் இந்திய வீரர் விஜய் குமார் வெள்ளி வென்றார். அந்தப் போட்டிக் கருவிகள் எந்தப் பிரபல சர்வீஸ் துப்பாக்கியின் முகத்தையும் போட்டுக்கொள்வதில்லை. குழல் கைக்கு நெருக்கமாகத் தாழ்ந்திருக்கும், பிடி சுடுபவரின் உள்ளங்கைக்கு ஏற்பச் செதுக்கப்பட்டிருக்கும்.

கடைசியாக மிஞ்சுவது காசு. கிளாக் 44 வந்தபோது அறிவித்த விலை 430 டாலர். 9 மி.மீ. தோட்டா ஒன்று 25 சென்ட், .22 ஒன்று 8 சென்ட் என்று வைத்துக்கொண்டால் ஒவ்வொரு தோட்டாவிலும் 17 சென்ட் மிச்சம். துப்பாக்கியின் விலை திரும்பி வர 2,500 தோட்டாக்களுக்கு மேல் சுட்டாக வேண்டும். மாதம் நூறு தோட்டா சுடுபவருக்கு அது இரண்டு ஆண்டுக்கும் அதிகம். அந்த மலிவும் எப்போதும் நிலைப்பதில்லை. 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பள்ளிப் படுகொலை நடந்து, துப்பாக்கிச் சட்டம் கடுமையாகும் என்ற அச்சம் பரவியபோது, தொடர்ந்த மாதங்களில் அமெரிக்கக் கடைகளின் அலமாரிகளிலிருந்து காணாமல் போன தோட்டாக்களில் .22 முக்கியமானது, 2014-இலும் அந்தத் தட்டுப்பாடு முழுதாகத் தீரவில்லை.

வாரந்தோறும் சில நூறு சுடும் போட்டிக்காரருக்கு இந்தக் கணக்கு சில மாதங்களிலேயே நேராகிவிடும் என்பது உண்மை. ஆனால் உதைப்பை அடக்கும் வேலையை ஏற்கனவே 9 மி.மீ.-இல் முடித்துவிட்டவர் அவர். நகல் துப்பாக்கியை ஆசையாக வாங்குபவர்களில் பெரும்பாலோர் அந்த வேலையை இன்னும் தொடங்காதவர்கள். அதே 430 டாலருக்கு அவர்களுக்கு 1,700-க்கும் மேற்பட்ட 9 மி.மீ. தோட்டாக்கள் கிடைக்கும். டம்மிகளை இடையிடையே கலந்து, மாதம் நூறாக, சொந்தத் துப்பாக்கியிலேயே ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக்குச் சுடலாம்.