37.4 ஆம்பியர்

ரைசன் 5 5600, பி450 போர்டு, ஆர்எக்ஸ் 6600, எட்டு ஜிபி ரேம் இரண்டு. கையைக் கடிக்காத முதல் கேமிங் கம்ப்யூட்டருக்கு இந்த நால்வரை விட்டு என் மனம் நகர மறுக்கிறது. ஐ3 12100எஃப் கட்சியினர் பேச்சிலும் நியாயம் உண்டு. நான்கே கோர் என்றாலும் அது ஆட்டத்தில் சளைப்பதில்லை. 5600ஜி போதும், கார்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பவர்களோடுதான் எனக்கு ஒத்துப்போகவில்லை. 5600-இல் எல்3 கேஷ் 32 எம்பி இருக்கும் இடத்தில் இதில் 16 தான் இருக்கிறது. கார்டு வந்த பிறகும் அந்தக் குறை தீராது. போகட்டும், இதைப் பேச ஊரில் ஆள் நிறைய. கொட்டேஷனின் கடைசி வரியில், பெயர்கூட இல்லாமல் கிடக்கிறதே எஸ்எம்பிஎஸ், அதைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

கோர்செய்ர் சிஎக்ஸ்450 எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டு லேபிளை நான் ரசித்துப் படிப்பேன். 12 வோல்ட் கட்டத்தில் 37.4 ஆம்பியர் என்று போட்டிருக்கும். பெருக்கினால் 448.8 வாட். 450 என்று பெயர் வைத்துவிட்டு, ஏறக்குறைய அத்தனையையும் வேலை நடக்கிற 12 வோல்ட்டிலேயே தருகிறார்கள். 5 வோல்ட், 3.3 வோல்ட் இரண்டும் அந்தப் பன்னிரண்டிலிருந்தே கிள்ளி எடுக்கப்படுபவை. பொய்யில்லாத லேபிள் என்றால் எனக்கு இதுதான்.

மலிவுப் பெட்டியின் லேபிளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அட்டையில் 450 இருக்கும். 12 வோல்ட் கட்டத்தைப் பெருக்கினால் அதில் பாதி தேறினாலே அதிகம். மிச்சத்தை 5-இலும் 3.3-இலும் அடைத்து எண்ணை நிரப்பியிருப்பார்கள். பென்டியம் 3 காலத்துக் கணக்கு அது. அன்று பிராசசருக்கான மின்சாரம் பெரும்பாலும் 5 வோல்ட்டில்தான் போயிற்று. 2000-இல் பென்டியம் 4-ஓடு சதுரமான நாலு பின் கனெக்டர் வந்து அந்தப் பாதையை 12 வோல்ட்டுக்குத் திருப்பிவிட்டது. இன்று பிராசசரும் கார்டும் குடிப்பது பன்னிரண்டைத்தான். 5600 அதிகபட்சம் 76 வாட், 6600-க்கு 132, போர்டு, எஸ்எஸ்டி, ஃபேனுக்கெல்லாம் தாராளமாக ஐம்பது. மொத்தம் 260-ஐ ஒட்டி நிற்கிறது. நேர்மையான 450-க்கு இது நிதானமான நடை. இதற்குப் போய் 750 வாட் கோல்டு வாங்கச் சொல்லும் நண்பர்களின் அக்கறை புரிகிறது, ஆனால் அந்தப் பணம் ரேமில் இருக்க வேண்டியது.

எனக்கு இதைவிடப் பிடித்த விஷயம் ஒன்று உள்ளே இருக்கிறது. ஹோல்ட்-அப் நேரம். சுவரில் கரண்ட் நின்றபின், பெரிய கெப்பாசிட்டரில் தேங்கியதை வைத்து எஸ்எம்பிஎஸ் எத்தனை மில்லி செகண்ட் தாக்குப்பிடிக்கிறது என்பது. முழு லோடில் 16 மில்லி செகண்ட் என்பது ஏடிஎக்ஸ் வழிகாட்டி நெடுநாள் கேட்டுவந்த அளவு. யூபிஎஸ் ரிலே மாறும் சில மில்லி செகண்டை இது அலட்டாமல் கடந்துவிடும். விலையைக் குறைக்கிற தயாரிப்பாளர் முதலில் கை வைப்பதும் இந்தக் கெப்பாசிட்டரில்தான், ஏனென்றால் வெளியே யாருக்கும் தெரியாது. 80 பிளஸ் ஸ்டிக்கரும் காட்டிக்கொடுக்காது. அது பார்ப்பது மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதை, அதுவும் 23 டிகிரி வாக்கில் இருக்கும் அறையில். அக்னி நட்சத்திரத்தில் மாடி அறையில் விளையாடும் பையனுக்கு அந்த 23 டிகிரியால் என்ன பயன்?

மின்வெட்டில் வளர்ந்தவர்கள் நாம். வீட்டு இன்வெர்ட்டரின் பின்னால் யூபிஎஸ் மோடு என்றொரு ஸ்விட்ச் இருப்பதே பல வீடுகளில் தெரியாது. அதைத் தட்டாவிட்டால் மாறும் நேரம் நீண்டுபோய், எவ்வளவு நல்ல எஸ்எம்பிஎஸ்ஸும் கைவிட்டுவிடும். பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டராக இருந்தால், ஆக்டிவ் பிஎஃப்சி உள்ள சில பெட்டிகள் அதோடு ஒத்துப்போவதும் இல்லை. எஸ்எம்பிஎஸ் தரும் 12 வோல்ட்டிலும் சிறு அலைவு உண்டு; ரிப்பிள் எனப்படும் அது 120 மில்லி வோல்ட்டைத் தாண்டக் கூடாது என்று விதி இருக்கிறது. அதைப் பற்றிக் கேட்டால் கடையில் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்கள்.

ரிச்சி தெருவில் முன்பு ஒரு சர்வீஸ் அண்ணன் இருந்தார். எஸ்எம்பிஎஸ் கேட்டால் அட்டைப்பெட்டியைப் பிரித்துக் கையில் கொடுப்பார். "தூக்கிப் பாருங்க தம்பி. வெயிட்டை மட்டும் நம்பிடாதீங்க, இரும்பை வெச்சும் ஏமாத்துவான்" என்பார். பிறகு ஃபேன் கம்பிக்குள் டார்ச் அடித்து, பிளக் நுழையும் பக்கம் காயிலும் கெப்பாசிட்டரும் நிற்கின்றனவா, அல்லது அந்த இடத்தில் வெறும் ஜம்பர் வயர் ஓடுகிறதா என்று காட்டுவார். பின்பக்கம் 115/230 என்று சிவப்பு ஸ்விட்ச் கண்ணில் பட்டால் அந்தப் பெட்டியைத் திருப்பி அலமாரியிலேயே வைத்துவிடுவார். ஆக்டிவ் பிஎஃப்சி உள்ளதற்கு அந்த ஸ்விட்ச் தேவையே இல்லை. எனக்கு லேபிள் படிக்க வந்தது அவர் கடை வாசலில் நின்றுதான்.

இன்று அதே தெருவில் கண்ணாடி கேபினட்டுகள் வரிசையாக மினுக்குகின்றன. நாலு ஆர்ஜிபி ஃபேன் வெளியே தெரிய, அடியில் மூடிய அறைக்குள் 'எஸ்எம்பிஎஸ் இலவசம்'. அந்த மறைப்புத் தகடு பழகிப்போன பிறகு உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கும் பழக்கமும் குறைந்துவிட்டது. ஜானி குரு என்ற பெயரில் ஜான் கெரோ ஒரு காலத்தில் எஸ்எம்பிஎஸ்களைச் சூடான பெட்டிக்குள் வைத்து லோடு ஏற்றி, பிறகு திறந்து, சால்டரிங் வரை மதிப்பெண் போடுவார். பின்னாளில் கோர்செய்ருக்கே வேலைக்குப் போய்விட்டார். அந்தப் பொறுமை உள்ளவர்கள் இன்றும் சிலர் உண்டு. ஆனால் முதல் கம்ப்யூட்டர் வாங்கும் பையன் பார்க்கும் வீடியோக்களில் எஸ்எம்பிஎஸ்ஸுக்குப் பத்து விநாடி கிடைத்தால் அதிசயம்.

நல்ல எஸ்எம்பிஎஸ்ஸுக்குக் கூடுதலாகும் ஒன்றிரண்டாயிரத்தைக் கார்டில் போட்டால் ஃப்ரேம் ஏறுமே என்பார்கள். ஏறும், மறுக்கவில்லை. கார்டு மூன்று நான்கு வருடத்தில் மாறிவிடும். ஏஎம்4 போர்டில் பிராசசரும் ஒருமுறை மாறும். 2017-இல் வந்த பி350-இலேயே பயாஸ் புதுப்பித்து 5600 போட்டவர்கள் இருக்கிறார்கள். சிஎக்ஸ்450-க்கு ஐந்து வருட வாரண்டி. இவ்வளவும் மாறுகிற வரைக்கும் அது அசையாமல் கீழே உட்கார்ந்திருக்கும்.

அதனால் கடைக்காரர் நீட்டும் கொட்டேஷனில் '450டபிள்யூ எஸ்எம்பிஎஸ்' என்று மட்டும் இருந்தால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். கம்பெனி, மாடல் இரண்டையும் எழுதச் சொல்லுங்கள், 12 வோல்ட்டில் எத்தனை ஆம்பியர் என்று கேளுங்கள். தெரியாவிட்டால் பெட்டியை எடுத்துவந்து லேபிளைக் காட்டட்டும்.