குனிந்து பார்க்க வேண்டிய ஊர்

கொச்சிக்குப் போகிறவர்கள் எல்லோரும் அண்ணாந்தே பார்க்கிறார்கள். கோட்டைக் கொச்சிக் கரையில் சீன வலை எழும்போது கைபேசிகளும் கூடவே எழுகின்றன. அப்புறம் தேவாலய முகப்பு, மழைமரங்கள், மணிக்கூண்டு. கழுத்து தாழ்வதற்கு நேரமே கிடைப்பதில்லை. என் கட்சி வேறு. இந்தத் துறைமுகத்தின் நயங்களில் பாதிக்கு மேல் காலடியில் கிடக்கின்றன. கல், ஓடு, கரி, சுண்ணாம்பு என்று கப்பலில் வந்ததும் உள்ளூரில் விளைந்ததும் சேர்ந்து தரையாகிவிட்ட ஊர் இது.

சீன வலையிலிருந்தே தொடங்கலாம். அதைச் சீனரே கொண்டுவந்தார்களா, மக்காவ் வழியாகப் போர்த்துகீசியர் கொண்டுவந்தார்களா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. அது முடியும்வரை காத்திராமல் வலைக்குப் பின்பக்கம் போய் நில்லுங்கள். ஓர் ஆள் நடுமரத்தின் மேல் காலை வைத்து நடந்து போகிறார். அவர் உடல் எடைக்கே அந்தத் தேக்கும் மூங்கிலும் சாய்ந்து வலை நீருக்குள் இறங்குகிறது. மேலே தூக்கும்போது கயிறுகளில் தொங்கும் கற்கள் துணைக்கு வருகின்றன. அந்தக் கயிறுகள் ஒரே நீளத்தில் இல்லை என்பதைக் கவனியுங்கள். வலை உயர உயர ஒரு கல் வந்து தளத்தில் அமர்கிறது; சற்றுப் பொறுத்து அடுத்த கல்; அதன்பின் இன்னொன்று. அமர்ந்த கல்லின் பாரம் கணக்கிலிருந்து கழிந்துவிடுவதால், எந்த உயரத்திலும் வலையின் சமநிலை தவறுவதில்லை. இவ்வளவுக்கும் வலையில் சிக்குவது பெரும்பாலும் கைப்பிடி மீன்தான். மீனை எதிர்பார்த்து வந்தவர் ஏமாறலாம். கல்லைப் பார்த்தவருக்கு வந்த காரியம் முடிந்தது.

அங்கிருந்து நடக்கும் தூரத்தில் புனித பிரான்சிஸ் தேவாலயம். 1503-இல் மரத்தால் எழுப்பி, 1516-இல் கல்லால் கட்டி முடித்த கோவில். போர்த்துகீசியரிடமிருந்து 1663-இல் டச்சுக்காரர்களிடமும், 1795-இல் ஆங்கிலேயரிடமும் ஊர் கைமாறியபோது கோவிலும் கைமாறியது. இன்று தென்னிந்தியத் திருச்சபையுடையது. 1524 கிறிஸ்துமஸுக்கு முந்திய நாள் கொச்சியில் இறந்த வாஸ்கோ ட காமாவை இங்கேதான் புதைத்தார்கள். பதினான்கு ஆண்டுகள் கழித்து எலும்புகளைப் போர்த்துகலுக்கு எடுத்துப் போய்விட்டார்கள். கம்பித் தடுப்புக்குள் மிஞ்சியிருப்பது வெறும் கல். எல்லோரும் அந்த வெற்றிடத்தைத்தான் மொய்க்கிறார்கள்.

எனக்கு அதைவிடப் பக்கச் சுவர்கள் பிடிக்கும். அங்கே நிமிர்ந்து நிற்கும் கல்வெட்டுகள் ஒரு காலத்தில் தரையில் படுத்துக் கிடந்த கல்லறைப் பலகைகள். தொழ வந்தவர்கள் அவற்றை மிதித்துத்தான் நடந்தார்கள். 1880-களில் பெயர்த்தெடுத்துச் சுவரில் பதித்தபோது, போர்த்துகீசியரை வடக்குச் சுவரிலும் டச்சுக்காரரைத் தெற்குச் சுவரிலும் நிறுத்திவிட்டார்கள். உயிரோடு இருந்தபோது கோட்டைக்காக மோதிக்கொண்ட இரண்டு கூட்டங்கள், நடுவில் பெஞ்சுகளைப் போட்டுக்கொண்டு, எதிரெதிரே பார்த்தபடி நிற்கின்றன. கல்லில் ஒரு விரலை ஓட்டிப் பாருங்கள். குலச் சின்னங்களின் விளிம்பு மழுங்கியிருக்கும். அந்த மழுங்கலில் காற்றுக்கும் மழைக்கும் அதிகப் பங்கில்லை, எல்லாம் பாதங்கள் தேய்த்தது.

மட்டாஞ்சேரிக்குப் பஜார் சாலை வழியாகப் போவது நல்லது. முகம் தெருவுக்கும் முதுகு காயலுக்குமாக நிற்கும் கிடங்குகள். சுக்கு வாசனை எந்தக் கதவிலிருந்து வருகிறது என்று தெரியாது. எல்லாக் கதவிலிருந்தும் வருவதாகத் தோன்றும். பதினைந்தாம் நூற்றாண்டில் சீனக் கடலோடி செங் ஹோவின் கப்பல்களோடு வந்த மா ஹுவான் கொச்சி மக்களை வகைப்படுத்தி எழுதியபோது, பணம் படைத்த வணிகர்களாகச் செட்டிகளைக் குறித்து வைத்தார். மிளகு விலை பேசிய குரல்களில் நம்மவர் குரலும் அப்போதே கலந்திருந்தது.

மட்டாஞ்சேரி அரண்மனையை ஊரார் டச்சு அரண்மனை என்கிறார்கள். கட்டியவர்கள் போர்த்துகீசியர், 1555 வாக்கில். கொச்சி அரசருக்கு அளித்த காணிக்கை. டச்சுக்காரர்கள் பின்னால் வந்து பழுது பார்த்தார்கள். பெயர் பழுது பார்த்தவருக்குப் போய்விட்டது! கட்டடமோ பெரும்பாலும் இருவர் சாயலிலும் இல்லை. நடுமுற்றத்தில் பழையன்னூர் பகவதி கோவிலை வைத்துச் சுற்றி எழுந்த நாலுகெட்டு அது. பள்ளியறைச் சுவர் முழுக்க ராமாயணம். தசரதனின் வேள்வியில் தொடங்கி ராமன் ஊர் திரும்புவது வரை, காட்சிக்கும் காட்சிக்கும் நடுவே மூச்சுவிட இடமில்லாமல் நெருக்கித் தீட்டியிருக்கிறார்கள். கேரள ஓவியத்துக்கே உரிய அந்தக் காவிச் சிவப்பும் பச்சையும் ஜன்னல் வெளிச்சத்தில் மெல்லத்தான் கண்ணுக்குப் பழகும். அவசரக்காரருக்கு அந்த அறை வெறும் நெரிசல்.

கண் களைத்ததும் தரைக்கு வாருங்கள். கருப்புப் பளிங்கு என்றுதான் நினைப்பீர்கள். பளிங்கு இல்லை. எரித்த தேங்காய்ச் சிரட்டை, கரி, சுண்ணாம்பு, செடிச் சாறுகள், முட்டை வெண்கரு ஆகியவற்றைக் கூட்டிப் பூசி மெழுகி மெருகேற்றியது. எண்ணெய் தேய்த்துப் பழகிய தோசைக்கல்லின் மினுக்கம் அதில் இருக்கிறது. தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்த்தவர்களுக்கு இந்த வித்தை புதிதல்ல. பளிங்கின் பளபளப்பு ஒளியைத் திருப்பி அடிக்கும். இது ஒளியைக் கொஞ்சம் குடித்துவிட்டு மீதியைத்தான் தருகிறது. மரக்கூரையின் கருமைக்கும் சுவரின் காவிக்கும் இதைவிடப் பொருத்தமான தரையை எனக்கு நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அரண்மனைக் கோவிலை ஒட்டினாற்போல நிற்கிறது பரதேசி யூதப் பள்ளி. 1568-இல் கட்டியது; 1662-இல் போர்த்துகீசியர் சேதப்படுத்த, டச்சுக்காரர் வந்தபின் மீண்டும் எழுந்தது. உள்ளே போகச் செருப்பைக் கழற்ற வேண்டும். உலகத்தில் பெரும்பாலான யூதப் பள்ளிகளில் இல்லாத இந்த வழக்கம் கேரளத்து யூதரிடம் உண்டு. இந்தத் தரை வெறுங்காலுக்காகவே விரித்ததுபோல இருக்கிறது. சீனத்துக் காண்டன் நகரிலிருந்து பதினெட்டாம் நூற்றாண்டில் வந்த பீங்கான் ஓடுகள் அவை. வரவழைத்தவர் டச்சுக் கம்பெனியின் பெருவணிகரான எசக்கியேல் ரஹாபி. வாசலில் 1760-இல் மணிக்கூண்டு எழுப்பியவரும் அவரே. வெள்ளையில் நீலம், நீலத்தில் பூவும் கொடியும் வில்லோ மரமும். ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நீங்கள் நகராதீர்கள்.

அடுத்தடுத்த இரண்டு ஓடுகளை எடுத்துக்கொண்டு, ஒரே கிளை இரண்டிலும் எப்படி வளைகிறது என்று பாருங்கள். ஒன்றில் தூரிகை நீலம் நிறையத் தோய்ந்து இறங்கியிருக்கும். பக்கத்து ஓட்டில் அதே கோடு சாயம் தீர்ந்து நுனியில் வெளிறியிருக்கும். ஓர் இலை கொம்பைத் தொடாமல் கொஞ்சம் தள்ளி நிற்கும். அச்சில் வார்த்த பிழை என்றால் எல்லா ஓட்டிலும் அது வந்திருக்க வேண்டும். இது கை தீட்டிய ஓவியம். காண்டனில் ஒரு பட்டறையில், கொச்சி எந்தத் திசை என்றுகூட அறியாத ஒருவர், அன்றைக்கு எத்தனையாவதோ ஓட்டைத் தீட்டும்போது விட்ட பெருமூச்சு அந்தக் கோட்டில் இருக்கிறது. மேலே தொங்கும் பெல்ஜியக் கண்ணாடி விளக்குகளைத்தான் எல்லோரும் வியக்கிறார்கள். அந்த விளக்குகளே ஓடுகளின் மெருகில் தலைகீழாக மிதப்பதை இருக்கையில் அமர்ந்து பார்த்தால் எது அழகு என்று தெரிந்துவிடும்.

இந்த ஓடுகளைப் பற்றி ஊரில் ஒரு கதை உண்டு. அரசர் தம் அரண்மனைக்கென்று வாங்கினாராம். செய்முறையில் பசு இரத்தம் சேர்கிறது என்று வணிகர்கள் காதில் போட்டதும் வேண்டாமென்று தள்ளிவிட்டாராம். ஓடுகள் யூதர்களுக்குக் கிடைத்தனவாம். கதை மெய்யென்றால், இரத்தத்துக்கு அஞ்சிய அரண்மனை முட்டை வெண்கருவின் மேல் நடந்திருக்கிறது. நான் இதை நம்பவில்லை; ஆனால் இரண்டு தரைகளும் அடுத்தடுத்து இருக்கும் ஊரில் இப்படி ஒரு கதை பிறக்காமல் இருக்க முடியுமா?

யூதப் பள்ளியின் பெருஞ்செல்வம் கண்ணுக்கு எளிதில் அகப்படாதது. கி.பி. 1000 வாக்கில் சேர அரசர் பாஸ்கர ரவிவர்மன் முயிரிக்கோட்டில் இருந்தபடி யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்கு வழங்கிய செப்பேடுகள் அவை. எழுத்து வட்டெழுத்து; நமக்கும் முப்பாட்டன் எழுத்து. அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழு உரிமையோடு எழுபத்திரண்டு உரிமைகள் கொடுத்திருக்கிறார்: பகல் விளக்கு, குடை, தோரணம், பறை, பல்லக்கு. கூடவே பாவாடை, அதாவது நடக்கும் வழியில் துணி விரித்துக்கொள்ளும் உரிமை. காண்டன் ஓடுகள் வருவதற்கு ஏழு நூற்றாண்டுக்கு முன்பே இந்தக் கூட்டத்தின் காலடிக்குக் கீழே என்ன விரிய வேண்டும் என்று ஓர் அரசன் யோசித்திருக்கிறான். 1948-க்குப் பிறகு பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் கிளம்பிவிட்டார்கள். தொழுகைக்குத் தேவையான பத்து ஆண்கள் இன்று உள்ளூரில் இல்லை.

கோட்டைக் கொச்சியில் வெளி என்ற பகுதியில் உள்ள தோபி கானாவைப் பயணக் குறிப்புகள் கடைசியில் சேர்க்கும், இடமிருந்தால். டச்சுப் படையினரின் உடுப்பு வெளுக்க வந்த தமிழ்க் குடும்பங்களின் வழிவந்தவர்கள் இங்கே தொழில் செய்கிறார்கள்; அந்த வரலாற்றை அவர்கள் சொல்லுவதும் தமிழில்தான். ஆளுக்கொரு தடுப்பு, தொட்டி, துவைகல். அடித்து அடித்து வழவழத்த அந்தக் கல்லைத் தேவாலயத்துக் குலச் சின்னங்களுக்குச் சமமாக நான் மதிக்கிறேன். வெளியே கொடிகள் இரட்டைப் புரிக் கயிறு. புரியை விலக்கித் துணியின் முனையைச் செருகினால் போதும், கவ்வி தேவையில்லை. கடற்காற்று எவ்வளவு அடித்தாலும் வேட்டி பறப்பதில்லை. சோற்றுக் கஞ்சி, சிரட்டைக் கரி போட்ட கனத்த இஸ்திரிப் பெட்டி எல்லாம் இன்னும் ஓய்வு பெறவில்லை.

போக நினைப்பவர்கள் கிழமை பார்த்துப் போங்கள். வெள்ளிக்கிழமை அரண்மனை திறக்காது. சனிக்கிழமை யூதர்களின் ஓய்வுநாள். ஞாயிறு காலை தேவாலயத்தில் வழிபாடு நடக்கும். யூதப் பள்ளி வாசலில் செருப்பை மட்டும்தான் கழற்றச் சொல்வார்கள். காலுறையையும் கழற்றிவிடுங்கள்.