மருந்து பலித்தால் பங்கும் பலிக்குமா?

பயோடெக், டெக்னாலஜி பங்குகள் சரியும்போதெல்லாம் முதலீட்டு ஆலோசகர்கள் ஒரே சமாதானத்தைச் சொல்கிறார்கள்: தொழில்நுட்பம் உண்மையானதா என்று மட்டும் பாருங்கள், உண்மையானால் பொறுமையாக இருங்கள், விலை தானாக வரும். இன்று ஏஐ பங்குகளுக்கும் இதே பேச்சுதான். சாட்சிக்கு அமேசானை அழைப்பார்கள். 1999 கடைசியிலிருந்து இரண்டே ஆண்டில் 90 சதவீதத்துக்கு மேல் விழுந்த பங்கு அது; விடாமல் வைத்திருந்தவர்கள் பெரும் செல்வம் சேர்த்தார்கள்.

மறுப்பதற்கில்லை. புதிய மருந்துக்கு யாராவது துணிந்து முதல் போட்டே ஆகவேண்டும் என்பதும் சரிதான். மனிதர்களிடம் சோதனைக்கு வரும் மருந்துகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்றுதான் அனுமதி வரை போகிறது என்பதையும் விவரமறிந்தவர்கள் அறிவார்கள். தோற்ற மருந்தில் பணம் போவதை நான் குறை சொல்லவில்லை. மருந்து ஜெயித்த பிறகும் முதலீட்டாளர் தோற்கிறாரே, அதற்கு இந்தச் சமாதானத்தில் பதிலே கிடையாது.

மாடர்னாவைப் பாருங்கள். 2018 டிசம்பரில் 23 டாலருக்குப் பங்கு வெளியிட்டபோது விற்பதற்கு ஒரு மருந்துகூட அதனிடம் இல்லை. 2020இல் அதன் கொரோனா தடுப்பூசி சோதனையில் தேறியது, கோடிக்கணக்கானோருக்குப் போடப்பட்டது. ஆலோசகர் சொன்ன நிபந்தனை முழுதாக நிறைவேறிவிட்டது. 2021 ஆகஸ்டில் பங்கு 480 டாலரைத் தாண்டியது. நிறுவனத்தின் சந்தை மதிப்பு ஏறக்குறைய 20,000 கோடி டாலர். அந்த ஆண்டு லாபம் சுமார் 1,200 கோடி. பெருந்தொற்றுக் காலத்து லாபம் குறையாமல் 16 ஆண்டுக்கு மேல் வந்தால்தான் போட்ட முதல் திரும்பும். இந்த எளிய வகுத்தல் கணக்கை வாங்கியவர்களுக்கு யார் போட்டுக் காட்டினார்கள்? 2023இல் மாடர்னா சுமார் 470 கோடி டாலர் நட்டம் கண்டது. 2024 இறுதியில் பங்கு 45 டாலருக்கும் கீழே. தடுப்பூசி பொய்க்கவில்லை, விலை பொய்த்தது.

டெக்னாலஜியிலும் இதுவே நடந்தது. இணையம் வளர வளர சிஸ்கோவின் ரவுட்டர்களுக்குத் தேவை பெருகியது. 2000 மார்ச்சில் அது உலகிலேயே அதிக சந்தை மதிப்புள்ள நிறுவனம்; பங்கு 80 டாலர். அதன் பிறகு விற்பனையும் லாபமும் பலமடங்கு பெருகின. ஆனாலும் 20 ஆண்டு கழித்தும் பங்கு அந்த விலையை எட்டவில்லை. இதற்கு மேல் எவ்வளவு பொறுமை வேண்டுமாம்?

அறிவியலுக்குக் கைகொடுத்தோம் என்ற ஆறுதலும் உச்ச விலையில் வாங்கியவர்களுக்கு இல்லை. மாடர்னாவின் 23 டாலர் வெளியீட்டில் திரட்டிய பணம் நிறுவனத்துக்குப் போனது. சந்தையில் 480 கொடுத்தவரின் பணமோ விற்று வெளியேறியவரின் பைக்குப் போனது. ஆய்வுக்கூடம் அதில் ஒரு டாலரைக்கூடப் பார்க்கவில்லை.

ஆகவே, தொழில்நுட்பத்தின் பெருமையை மணிக்கணக்கில் பேசிவிட்டு, இந்த விலை எத்தனை ஆண்டு லாபத்துக்குச் சமம் என்று சொல்லாத ஆலோசகர் செய்வது விளம்பரம். வாங்கும் நாளில் விலையைப் பற்றி வாய் திறக்காதவருக்கு, விழுந்த பிறகு பொறுமையைப் போதிக்கும் உரிமை கிடையாது.