வேனிலும் மர்ம நாவலும்

மர்ம நாவல் என்றதும் கற்றோருட் சிலர் முகஞ் சுளிப்பர். பொழுதுபோக்கிற்கன்றிப் பிறிதொன்றற்கும் உதவாத நூல்வகை அஃது என்பது அவர் கொள்கை. அக்கொள்கை எத்துணைப் பொருந்தும் என்பதைச் செட்டிகுளத்து வேனிலை முன்வைத்து ஆராய்தல் ஈண்டு எமது நோக்கமாகும்.

மதவாச்சியிலிருந்து தலைமன்னார் செல்லும் புகையிரதப் பாதையிலே, வவுனியா மாவட்டத்தில் உள்ளது செட்டிகுளம். வைகாசிக்குப் பின் அங்கே மழை அரிது. கச்சான் காற்றுப் புழுதியை வாரியிறைக்கும். குளங்கள் வற்றி அடித்தரை வெடிக்கும். நண்பகலில் வெளியே செல்வார் இலர். அவ்வேளையில் திண்ணையிற் பாய் விரித்துக் கையிலெடுக்கத் தக்க நூல் யாது? இலக்கணமோ தத்துவமோ அவ்வெப்பத்தில் இரண்டு பக்கத்திற்கு மேல் நகராது. மர்ம நாவலோ வியர்வையை மறக்கச் செய்யும். (யாமும் இதற்கு விலக்கல்லேம்.)

காரணம் யாது? முதலதிகாரத்திலேயே ஆசிரியர் வாசகனிடம் கடன்படுகின்றார். ஒருவன் காணாமற் போனான். அல்லது ஒரு பொருள் களவு போயிற்று. எவரால், ஏன் என்பதை நூல் முடியுமுன் அவர் சொல்லியே தீரவேண்டும். அக்கடன் நேர்மையாகத் தீர்க்கப்படும் என்னும் நம்பிக்கையே வாசகனைப் பக்கந்தோறும் இழுத்துச் செல்கின்றது.

தமிழில் ஆரணி குப்புசாமி முதலியார், ஜே. ஆர். ரங்கராஜு, வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஆகியோர் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இவ்வகையை வளர்த்தனர். வடுவூராரின் திகம்பர சாமியார் 1950இல் திரைப்படத்திலும் தோன்றினார். எனினும் சாமியாரின் திறமை பெரிதும் மாறுவேடத்திலும் சூழ்ச்சியிலுமே தங்கியுள்ளது. தடயங்களை முன்வைத்து வாசகனையும் எண்ணிப் பார்க்க அழைப்பது குறைவு. வாசகன் வியக்கின்றானேயன்றி ஆராய்வதில்லை.

வில்கி கொலின்ஸ் 1868இல் வெளியிட்ட ‘மூன்ஸ்டோன்’ இதற்கு மாறானது. 1799ஆம் ஆண்டுச் சிரீரங்கபட்டண முற்றுகையிற் கவரப்பட்ட வைரமொன்று ஆங்கில மாளிகையில் மறைகின்றது. கதையைப் பலர் தாந்தாம் கண்ட அளவே உரைக்கின்றனர். ஈரம் உலராத கதவு வண்ணத்தில் ஒரு கறை. அதனை ஆசிரியர் ஒளிக்கவில்லை. அதன் பொருள் விளங்குங்கால் நாம் திடுக்கிடுகின்றோம். விடையை ஈண்டுக் கூறுதல் இன்னும் வாசியாதார்க்குச் செய்யுங் கொடுமையாகும்.

ஆங்கில மர்மம் பெரும்பாலும் இருளிலும் மூடுபனியிலும் ஒளிந்துகொள்வது. கொனன் டொயிலின் பாஸ்கவில் வேட்டைநாய்க் கதையிற் சதுப்புநிலப் பனிமூட்டம் இல்லையேல் பாதி அச்சம் போய்விடும். வன்னி வாசகன் அக்குளிருக்காகவே அந்நூலை விரும்பலாம். ஆனால் அச்சத்திற்கு இருள் வேண்டுவதில்லை. உச்சிப்பொழுதில் முனி உலாவுமென்று நம் முன்னோர் அஞ்சினர். ஆளற்ற தெருவில் நிகழ்வதற்குச் சாட்சி ஏது? இலங்கையின் தென்பகுதிக் காட்டுக் கிராமமொன்றைப் பற்றி லெனாட் வூல்ஃப் 1913இல் வெளியிட்ட நாவலில் வெயிலும் வறட்சியுமே அச்சத்தை வளர்க்கின்றன. அது மர்ம நாவலன்று. செய்யாத களவிற்காக ஒருவன் தண்டிக்கப்படுகின்றான். உண்மை வாசகனுக்குத் தெரியும், நீதிமன்றத்திற்குத் தெரியாது. அவ்விடைவெளியே நெஞ்சைப் பிழிகின்றது.

செட்டிகுளத்தில் அவ்விடைவெளி கற்பனையன்று. 2009இற் போர் முடிந்தபோது, இடம்பெயர்ந்தோர் இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் அங்குள்ள மெனிக் பாம் முகாம்களில் அடைக்கப்பட்டனர். 2012இலேயே அவை மூடப்பட்டன. காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் 2017 முதல் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் தெருவோரத்தில் அமர்ந்து கேட்டது, மர்ம நாவலின் முதலதிகாரம் எழுப்பும் அதே வினாவையே: எங்கே, எவரால்? அத்தகைய ஊரில் மர்ம நாவல் படிப்பது உலகை மறத்தற்கே என்பாரும் உளர். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. கணக்கு ஒப்புவிக்கப்படும் கதையொன்றில் மூழ்கியிருப்பவர், ஒப்புவிக்கப்படாத கணக்கையும் உடன் நினைந்துகொண்டே வாசிக்கின்றார்.

ஈழத்துத் தமிழ் நாவலின் தொடக்கமெனக் கொள்ளப்படும் சித்திலெவ்வையின் ‘அஸன்பேயுடைய கதை’ (1885) களவாடப்பட்ட குழந்தையொன்றின் கதையே. அயல்நாட்டில் வளர்ந்து, பல இன்னல்களைக் கடந்து, அக்குழந்தை இளைஞனாகிப் பெற்றோரைச் சேர்கின்றது. இதனை எளிய பழங்கதை முடிவென்று திறனாய்வாளர் ஒதுக்கலாம். மெனிக் பாமில் மகனைத் தேடிய தாயொருத்தி அவ்வதிகாரத்தைப் படிப்பாளாயின், அம்முடிவை எளிதென்று சொல்லாள்.