கடைமடையில் ஒரு பெத்லகேம்

குடில் பார்க்கப் போனால் முதலில் பொம்மைகளைப் பார்க்காதீர்கள், தரையைப் பாருங்கள். மாதாவும் சூசையப்பரும் பாலனும் கடையில் கிடைப்பார்கள். அவர்கள் நிற்கும் மண் கடையில் கிடைக்காது. அதை வீட்டுக்காரர்கள்தான் உண்டாக்க வேண்டும். டிசம்பர் நடுவில் வேளாங்கண்ணித் தெருக்களில் நடந்தால் பல வீட்டுக் கூடங்களில் பாதி இடத்தை இந்த மண்வேலை பிடித்துக்கொண்டிருக்கும். ஒருவர் மூங்கில் சீவுவார், ஒருவர் மைதா பசை காய்ச்சுவார், பசையில் பூச்சி வராமலிருக்கப் போடும் மயில்துத்தத்தை வாங்க ஒரு பையன் கடைத்தெருவுக்கு ஓடுவான். பேராலயத்தில் வைக்கும் பெரிய குடில் வேறு வகை. அது கூட்டத்துக்காகச் செய்வது. எனக்குப் பிடித்தது இந்த வீட்டுக் குடில்தான்.

வேலை முளைப்பில் தொடங்குகிறது. கேழ்வரகை ஓரிரவு ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டிவைத்து, முளை விட்டதும் ஈரமணலில் நெருக்கமாகத் தூவுவார்கள். கடுகு இன்னும் சீக்கிரம் வரும், ஆனால் தலை கனத்துச் சாய்ந்துவிடும். என் ஓட்டு நெல்லுக்கு. வளர நாள் பிடிக்கும் என்றாலும், வந்துவிட்டால் அசல் நாற்றங்காலாக நிமிர்ந்து நிற்கும். கைதேர்ந்தவர்கள் இரண்டு தட்டில் விதைக்கிறார்கள். ஒன்றை முளைப்பாரிக்கு வைப்பதுபோல இருட்டில் வைக்கிறார்கள், அது வெளிறிய மஞ்சளாக வரும். இன்னொன்று சன்னலோரம் நின்று பச்சை பிடிக்கும். குடிலில் பச்சையை முன்னாலும் மஞ்சளைப் பின்னாலும் வைத்தால் மூன்றடி மேசையில் ஒரு வயல்வெளியே விரிந்துவிடும். தூரத்தில் அறுவடைக்கு நிற்கும் பயிர், கிட்டத்தில் நட்ட பயிர். இதைச் செய்கிறவர்கள் ஓவியப்பள்ளிக்குப் போனவர்கள் அல்லர். வருஷமெல்லாம் வயலைப் பார்த்த கண் அவர்களுடையது.

டெல்டாவின் நவராத்திரி வீடுகளில் கொலுப் படிக்குப் பக்கத்தில் ‘பார்க்’ போடுவார்களே, அங்கேயும் இதே முளைப்புதான், கண்ணாடித் துண்டில் இதே குளம்தான். மதுரைக்குப் பக்கத்து விளாச்சேரியில் கொலு பொம்மை செய்கிற கைகளே நவராத்திரி முடிந்ததும் குடில் பொம்மைக்கு மாறுகின்றன. அந்தக் கண்ணாடிக் குளத்தைப் பற்றி ஒரு வார்த்தை: விளிம்பு தெரிந்தால் அது கண்ணாடி, தெரியாவிட்டால் தண்ணீர். நேர்கோட்டில் மணலைக் கொட்டினால் விளிம்பு மறையாது. கரையை வளைத்து வளைத்து ஒதுக்கி, ஓரிடத்தில் கோரைத் துண்டு நாலைச் செருக வேண்டும்.

மலைதான் நம்மூர்க்காரர்களுக்குச் சங்கடம். கண்ணுக்கெட்டிய தூரம் மேடே இல்லாத கடைமடையில் பிறந்தவர்கள் மலை செய்யப் புறப்பட்டால் என்ன வரும்? பழுப்புத் தாளைக் கசக்கிப் பச்சை தெளித்து நிறுத்துகிறார்கள். பழைய கைகள் சாக்கைக் களிமண் கரைசலில் தோய்த்துப் போர்த்தின. எப்படிச் செய்தாலும் அது குப்புறக் கவிழ்த்த அண்டாவாகவே எனக்குத் தெரிகிறது. பெத்லகேம் மலைமேல் இருக்கும் ஊர்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் மலையை விட்டுவிட்டு வரப்பும் வாய்க்காலும் ஒரு கீற்றுக் கொட்டகையும் வைத்த குடில்களே என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்திருக்கின்றன.

இது விதிமீறலும் இல்லை. கொள்ளிடக் கரையில் ஏலாக்குறிச்சியில் இருந்து பணியாற்றிய வீரமாமுனிவர், 1726இல் முடித்த தேம்பாவணியில் சூசையப்பரை ‘வளன்’ ஆக்கினார், யூதேயாவையே மழையும் ஆறும் வயலும் நிறைந்த தமிழ்நாடாகப் பாடினார். இத்தாலியில் பிறந்தவர் அவர். அதே இத்தாலியில் 1223இல் அசிசி பிரான்சிஸ், கிரேச்சோ என்ற ஊரில் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்தி, வைக்கோல் பரப்பிக் குடில் வைத்தார். குடில் வழக்கத்தின் கதையை அங்கிருந்துதான் சொல்வார்கள். அதே நாட்டு நேப்பிள்ஸ் நகரத்தார் 18ஆம் நூற்றாண்டில் தங்கள் கடைத்தெருவையே குடிலுக்குள் கொண்டுவந்தார்கள், மீன் விற்பவர் உட்பட. அப்படியானால் நம் குடிலில் வலை உலர்த்தும் ஒருவர் ஏன் இல்லை என்று நான் கேட்பதுண்டு. 2004இல் கிறிஸ்மஸுக்கு மறுநாள் காலை வந்த சுனாமி நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. வேளாங்கண்ணிக்குத் திருநாளுக்கு வந்தவர்களும் அதில் உண்டு. கடலைக் குடிலுக்குள் வைக்க ஒருவருக்கு மனம் வராவிட்டால் அதை ரசனைக்குறைவு என்று நான் சொல்ல மாட்டேன்.

வைக்கோல் தேடுவது தனி அலைச்சல். டிசம்பரில் சம்பா வயலில்தான் நிற்கும். கிடைப்பது குறுவை வைக்கோல், அதுவும் பெரும்பாலும் மழையில் நனைந்து கறுத்தது. பொன்னிறமாக வேண்டுமென்றால் போரின் மேல்பக்கத்தை விட்டு உள்ளேயிருந்து உருவ வேண்டும், போர்க்காரர் சம்மதிக்க வேண்டும். கூரை வேயக் கொஞ்சம், தொட்டியில் பரப்பக் கொஞ்சம். “பாலனுக்குக் குளிரும்டா, இன்னும் ஒரு கை போடு” என்று அப்பாயிகள் சொல்வார்கள். போடத்தான் வேண்டும். அழகுக்கும் அதுவே சரி, வைக்கோல் மெத்தென்று உயர்ந்தால்தான் குழந்தை தொட்டி விளிம்புக்கு மேல் கண்ணில் படும்.

நட்சத்திரம் வாசலுக்கு. ஐந்து மூங்கில் சிம்பில் ஒரு சட்டம், அதே அளவில் இன்னொன்று. முனைகளைச் சேர்த்துக் கட்டி, நடுவே ஐந்து சின்னக் குச்சிகளை நெம்பி நிறுத்தினால் வயிறு புடைத்து நிற்கும். சிம்புகள் ஒரே கனத்தில் இல்லாவிட்டால் ஒரு கை சூம்பிப்போகும். மேலே வண்ணத்தாள், உள்ளே ஒரு குண்டு விளக்கு. இப்போது மடித்து விரிக்கும் அச்சு நட்சத்திரம் வந்துவிட்டது. அதில் எல்லாக் கையும் ஒரே நீளம், அதுதான் அதன் குறை.

விளக்கைப் பற்றி எனக்குப் பிடிவாதம் உண்டு. கொட்டகைக்குள் மறைவாக ஒரே ஒரு மஞ்சள் விளக்கு போதும். விட்டு விட்டு எரியும் சீரியல் செட்டைக் குடிலுக்குள் சுற்றினால் பாலன் பிறந்த இரவு பொருட்காட்சி ஆகிவிடும்.

பொம்மைகளைக் கடைசியில் வைத்ததால் அவை சாமானியம் என்று அர்த்தமில்லை. பெரியவை முன்னே, சின்னவை பின்னே. ஆட்டைவிட இடையர் குட்டையாக இருக்கும் குடிலை எத்தனையோ வீட்டில் பார்த்துவிட்டேன். பாலன் கிறிஸ்மஸ் இரவில்தான் தொட்டிக்கு வருவார், அதுவரை அந்த இடம் காலி. மூன்று ராஜாக்களையும் ஒட்டகத்தையும் எதிர்மூலையில் நிறுத்தி, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக் கொண்டுவருகிற வீடுகள் உண்டு. வயல் வரப்பில் ராஜாக்கள் நடந்து வருவதை அங்கேதான் பார்க்கலாம்.

டிசம்பர் கடைசியில் வேளாங்கண்ணிக்கு வருகிறவர்கள் பேராலயம் பார்த்த பிறகு அரை மணி நேரம் தெருக்களுக்குள் நடந்து பாருங்கள். ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள் வரை குடில்கள் இருக்கும். வாசலில் நின்று கேட்டால் உள்ளே கூப்பிட்டுக் காட்டுவார்கள், கையில் ஒரு துண்டு கேக்கும் வந்து சேரும். உங்கள் வீட்டுக்கும் ஒரு குடில் வேண்டுமென்று தோன்றினால் பிளாஸ்டிக் செட்டை விட்டுவிட்டு மண் பொம்மையாக வாங்குங்கள். நெல்லை மட்டும் இரண்டு வாரம் முன்னதாகவே விதைத்துவிடுங்கள்.