விளக்குக் கம்பத்திலிருந்து டாஷ்பான் வரை

நார்னியாவுக்குள் போகிறவர் முதலில் காண்பது, பனிக்காட்டின் நடுவே எரியும் விளக்குக் கம்பம். அப்பால் பீவர்களின் அணை, கல்மேசை, கடலோரக் கேர் பரவல் கோட்டை. சி. எஸ். லூயிஸ் 1950 முதல் 1956 வரை வெளியிட்ட ஏழு நூல்களில் கதை மறந்தாலும் இந்த இடங்கள் மறப்பதில்லை.

1954இல் வந்த 'குதிரையும் அதன் பையனும்' நம்மைத் தெற்கே, கலோர்மென் தேசத்துக்குக் கூட்டிச் செல்கிறது. ஆற்றுத் தீவில் எழும் தலைநகர் டாஷ்பான்; மினாராக்கள், தலைப்பாகைகள், வளைந்த வாள்கள், அடிமைகள். வாசித்துக் காட்டியபோது மகள் கேட்டாள்: "வாப்பா, இவங்க நம்மட ஆக்கள் மாதிரி இருக்காங்களே, ஏன் கெட்டவங்களா இருக்காங்க?"

அவர்கள் வணங்குவது பறவைத் தலையும் நான்கு கைகளும் கொண்ட டாஷ் சிலையை. இஸ்லாத்தில் அதற்கு இடமே இல்லை. ஆனாலும் தலைப்பாகையும் மினாராவும் நம் உலகத்தவை. கொடுமைக்கு அந்த உடுப்பைப் போட்டுவிட்டதுதான் லூயிஸின் பிழை.

நியாயமாகச் சொன்னால், கலோர்மென் பிள்ளைகள் கதை சொல்லும் கலையை முறையாகக் கற்பதை அவர் மெச்சுகிறார். துணிச்சல்காரி அராவிஸும் அந்நாட்டவளே. கடைசி நூலில் கலோர்மென் வீரன் எமெத்தை, அஸ்லான் எனும் சிங்கம் ஏற்றுக்கொள்கிறது. எப்படி? அவன் டாஷுக்கென்று செய்த நன்மைகளைத் தனக்குச் செய்ததாகக் கணக்கில் எழுதிக்கொள்கிறது. அவனுடைய நன்மை அவன் ஊரின் நன்மையாக நிற்க அங்கே இடமில்லை.

புத்தகத்தைப் பிடுங்கி வைக்கச் சொல்ல மாட்டேன். விளக்குக் கம்பம் என் மகளுக்கும் வேணும். அந்த வரைபடம் வடக்கே நின்று வரையப்பட்டது என்பதை மட்டும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.